மாடிச் சுவரில் ஒரு கதவு

காலையில் கண் விழித்ததும் கைப்பேசியில் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். காற்று எப்படி இருக்கிறது, இன்று எங்காவது தண்ணீர் கட் உண்டா, மழை எத்தனை மணிக்கு, கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது. கிள்ளானில் கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. அது எங்கள் தாமானுக்குத்தான், எங்கள் குடியிருப்புக்குத்தான் வரும். இதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் முகம் கழுவுவேன். என் வீட்டுக்காரர் எனக்கு ‘வானிலை இலாகா’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

“என்ன, இலாகா என்ன சொல்லுது? உலகம் இன்னிக்கு அழியுதா, நாளைக்கா?” என்பார் படுக்கையில் இருந்தபடியே. “நாளைக்குன்னா சொல்லு, நான் இன்னும் கொஞ்சம் தூங்கறேன்.”

அவருக்குச் சிரிப்பு. ஆனால் நான் பார்ப்பது அவருக்காகத்தான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து ஏழு வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று மதியம் டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம் சாய்ந்து கிடப்பார். மெஷின் அவருடைய இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பும். ஒரு மனிதரைக் கழுவ அந்த மெஷினுக்கு டிரம் டிரம்மாக நல்ல தண்ணீர் வேண்டும். எவனோ ஆற்றில் எதையோ கொட்டி, அதனால் சுத்திகரிப்பு ஆலையை மூடிவிட்டால் ஊரில் மற்றவர்களுக்குக் குளியல் போகும். எங்களுக்கு உயிர் போகும். புகைமூட்டம் வந்தால் ஏற்கெனவே நீர் கோத்த நெஞ்சில் அதுவும் போய் உட்காரும். வெள்ளம் வந்தால் நிலையத்துக்குப் போகிற சாலையே இருக்காது. சுற்றுச்சூழல், சுற்றுச்சூழல் என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அது எங்கள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் வீட்டில் எதிர்காலத்தை நம்புகிறவர். போர்ட் கிள்ளானில் போர்க்லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்த வண்டியானாலும் இன்னொரு முறை ஓட வைத்துவிடலாம் என்று நினைக்கிற ஜாதி. “இன்னும் பத்து வருஷத்துல பாரு, இடுப்புல பெல்ட் மாதிரி மாட்டிக்கிற மெஷின் வந்துரும். நான் பாட்டுக்கு சாமான் வாங்க பாசார் போவேன், அது பாட்டுக்குக் கழுவும்,” என்பார். கைப்பேசியில் அதைப் பற்றி வருகிற வீடியோ ஒன்றையும் விடமாட்டார். மிதக்கும் நகரம், மேகத்தைக் கொன்று மழையை நிறுத்துகிற மெஷின், செம்பனை மரமில்லாமலே செய்கிற பாமாயில் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு அதில் ஒன்றின் மீதும் நம்பிக்கை கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைச் சீண்டுவார். பேய் வந்தால் முதலில் உங்களைத்தான் பிடிக்கும் என்பேன்.

நானும் ஒரு காலத்தில் நம்பியவள்தான். அதற்குச் சாட்சி எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் தொங்குகிறது.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பாவின் அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கூட்டிப் போனான். அவர் திரும்பவில்லை. அப்பா அப்போது கைக்குழந்தை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்த பிள்ளை, பின்னாளில் ரயில்வேயிலேயே கிளார்க் ஆனார். சாகிறவரை எங்கள் கட்டிலுக்கு அடியில் மூன்று தகர டின் நிறைய அரிசி வைத்திருந்தார். புழு வைக்கும், கொட்டிவிட்டுப் புது அரிசி நிரப்புவார். சண்டை முடிந்து எத்தனையோ வருஷமாச்சே அப்பா என்றால், “முடிஞ்சிருச்சுன்னு உனக்கு யார் சொன்னா?” என்பார். எனக்கு வந்திருக்கும் வியாதி அந்த டின்னில் இருந்து வந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த அப்பா, பள்ளிக்கூடத்தில் ‘இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டில் நம் நாடு’ என்று ஓவியப் போட்டி வைத்தபோது மட்டும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியிலும் வருஷா வருஷம் அதே தலைப்புதான். எல்லாப் பிள்ளைகளும் பறக்கும் கார் போடுவார்கள். “நீ வேற மாதிரி போடு. பயம் இல்லாத ஊரா போடு,” என்றார். நான் கோலாலம்பூர் முழுவதையும் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடினேன். வெளியே கறுப்புப் புகை, இடி, மின்னல். உள்ளே புல்தரை, பூ, ரயில், சர்ச், சிரிக்கிற ஜனங்கள். பறக்கும் காரும் இரண்டு போட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

படத்தைப் பார்த்த டீச்சர், “எல்லாம் சரி, இதுல கதவு எங்க?” என்று கேட்டார்.

“வெளிய போக வேண்டியதே இல்லியே டீச்சர்,” என்றேன்.

முதல் பரிசு கிடைத்தது. ஒரு அகராதியும் பென்சில் பெட்டியும் கொடுத்தார்கள். அப்பா படத்தை லேமினேட் செய்து வைத்திருந்து, என் கல்யாணச் சீரோடு சேர்த்துக் கொடுத்தார். இரண்டாயிரத்து இருபது நிஜமாகவே வந்தபோது, பறக்கும் காருக்குப் பதிலாக முகக்கவசம் வந்தது. வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். “உன் கிண்ணத்தைக் கவுத்துட்டாங்கம்மா,” என்றார் வீட்டுக்காரர். டயாலிசிஸ் போக மட்டும் கடிதம் வைத்துக்கொண்டு, ரோட்டில் போலீஸிடம் காட்டிக் காட்டிப் போய் வந்தோம்.

கிள்ளான் வீட்டை நாங்கள் வாங்கியது ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்து. அதில் ஏரி இருந்தது, ஏரியில் அன்னம் இருந்தது, வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று சைக்கிள் ஓட்டியது. வீட்டைக் கட்டி முடித்தபோது அன்னமும் இல்லை, சைக்கிளும் இல்லை. ஏரி மட்டும் இருந்தது, கம்பி வேலி போட்டு. அது மழைத்தண்ணீரைத் தேக்கி வைக்கிற குளம் என்று பிறகு தெரிந்தது. தாமானே முன்பு சதுப்பு நிலமாக இருந்ததாம். எங்கள் வீடு நிற்கிற லாட் அதில் ரொம்பப் பள்ளம். கீழே கூடம், சமையல்கட்டு, மேலே மூன்று அறை, முன்னால் கார் நிறுத்த சிமெண்டுக் கூரை போட்ட இடம் என்று எல்லாரையும் போல ஒரு இரட்டை மாடி வரிசை வீடு.

குடிவந்த இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டில் திருடன் புகுந்தான். அந்தக் கார்க்கூரை மேல் ஏறி மாடி ஜன்னல் வழியாக வந்திருந்தான். மறுநாளே நான் கிரில் போடுகிற அண்ணனை வரவழைத்தேன். எங்கள் ஊரில் கிரில் இல்லாத வீடு கிடையாது. ஜன்னலுக்குக் கிரில், கதவுக்குக் கிரில், சிலர் மாடிப்படிக்கும் போட்டு, படுக்கப் போகும்போது பூட்டிக்கொள்வார்கள். விருந்தாளி வந்தால் வெளியே நின்று ஜெயிலில் ஆளைப் பார்க்க வந்த மாதிரி கம்பி வழியாகத்தான் பேச்சே.

“மாடிக்கெல்லாம் எதுக்கு? காத்து வரட்டும்,” என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை.

“அக்கா, முன் ஜன்னல்ல தொறக்கிற மாதிரி ஒரு துண்டு வெக்கிறேன். நெருப்பு கிருப்பு புடிச்சா வெளிய வரணுமில்ல? அகலமா வெக்கவா?” என்று கேட்டார் அந்த அண்ணன்.

“சின்னதா வைங்க, பூட்டும் போடுங்க. நம்ம வெளிய போற வழின்னா அவனுக்கு உள்ள வர்ற வழி,” என்றேன். பெரிய புத்திசாலித்தனம் என்று எனக்கு நினைப்பு. ஒன்றரை அடி அகலத்தில் ஒரு துண்டு வைத்து, பித்தளைப் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சாவியை மற்றச் சாவிகளோடு வளையத்தில் கோத்து, கீழே வாசல் பக்கம் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு அடியில் ஆணியில் மாட்டினேன். எங்கள் அம்மா வீட்டிலும் சாவி தொங்குகிற இடம் அதுதான். வீட்டுக் காவல் அவருடையது, சாவியும் அவர் காலடியில் இருக்கட்டும் என்பது வழக்கம். வருஷக்கணக்காக அந்தப் பூட்டை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பார்கள். நான் அணைக்குப் பதிலாகக் கூண்டு போட்டிருந்தேன்.

அந்த மழை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விபத்துக்குள்ளான கார்களின் படத்தைப் பார்த்து எங்கே நசுங்கியிருக்கிறது என்று எழுதுகிற வேலை. மூன்று மணிக்கே அனுமதி கேட்டுக் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை காலையில் லோங்காங் வாய்க்கால் நிரம்பி ரோடும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டன. “மத்தியானம் வரைக்கும் ஏன் இருக்கணும், இப்பவே சென்டருக்குப் போயிடலாம்,” என்று நான் குதித்தேன். “பத்து மணிக்கு வடிஞ்சிரும்மா. எத்தனை மழை பாத்திருக்கோம்,” என்றார். பத்து மணிக்கு எங்கள் வாசற்படி காணாமல் போயிருந்தது. கார் டயர் மூழ்கிவிட்டது. நிலையத்துக்குப் போன் செய்தால், அங்கே நர்சுகளே வந்து சேரவில்லை என்றார்கள்.

என் வாழ்நாள் பயமெல்லாம் அன்று எனக்குக் கை கொடுத்தது என்றுதான் சொல்லவேண்டும். எல்லாம் தயாராக வைத்திருந்தேன். டார்ச், விசில், பிஸ்கட், மருந்துப் பெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்ட பத்திரங்கள், குடிதண்ணீர்ப் போத்தல் என்று ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டு போனேன். அரிசி கொண்டு போனேன். கல்யாண ஆல்பம், மிக்சி, ஆண்டவர் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்தி வரை கொண்டு போனேன். அவர் படியில் உட்கார்ந்து நான் கொடுப்பதை வாங்கி மேலே வைத்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நானும் மேலே ஏறிவிட்டேன். ‘எல்லாம் எடுத்தாச்சு’ என்று வாய்விட்டுச் சொன்னது நினைவிருக்கிறது.

சனிக்கிழமை முழுக்க ஏறியது. கீழே பிரிட்ஜ் சாய்ந்த சத்தம் கேட்டது. பிறகு நாற்காலிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம். எங்கள் கார் மிதந்து வந்து வாசல் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. கரண்ட் போயிற்று, அதன்பின் போனும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. மழை விட்டிருந்தது, ஆனால் தண்ணீர் நகரவில்லை. வரிசை முழுக்க மாடி ஜன்னல்களில் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகங்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம்.

அவர் கடைசியாகக் கழுவியது வியாழக்கிழமை. சனிக்கிழமைத் தவணை போயிற்று. டயாலிசிஸ்காரர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. குடித்தது வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும். அவருக்கு அரை லிட்டர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், நான் போத்தல் மூடியில் அளந்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு சாயந்திரம் முகம் உப்பிவிட்டது. காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தார். ஊசி குத்துவதற்காக இடது கையில் இரத்தக்குழாய்களை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். தொட்டால் பூனை உறுமுவது மாதிரி உள்ளே அதிரும். நான் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கைப்பேசி பார்த்துப் பயப்படுகிற பயம் இல்லை அது. இந்த மனிதர் செத்துப் போவார், நான் பார்த்துக்கொண்டு இருப்பேன் என்கிற பயம்.

“தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

“வாயை மூடுங்க,” என்றேன்.

திங்கட்கிழமை முற்பகலில் மோட்டார் சத்தம் கேட்டது. ஜெஞ்சாரோம் பக்கத்தில் இருந்து இரண்டு பேர் ஒரு பைபர் படகோடு வந்திருந்தார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சீனர். எந்த இலாகாவும் அனுப்பவில்லை, தாங்களாகவே வந்தவர்கள். நான் விசிலை ஊதி ஊதிக் கூப்பிட்டேன். படகைக் கார்க்கூரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஏணி போட்டுத் தமிழ்ப் பையன் மேலே ஏறி ஜன்னலுக்கு வந்தான்.

“ஆன்டி, கிரில்லைத் தொறங்க. அங்கிளை முதல்ல எறக்கிருவோம்.”

அப்போதுதான் எனக்குச் சாவி நினைவு வந்தது. டார்ச்சை எடுத்தேன், விசிலை எடுத்தேன், மெழுகுவத்தியைக்கூட எடுத்தேன். அந்த மெழுகுவத்திக்கு ஒரு சாண் மேலே ஆணியில் தொங்கிய சாவியை எடுக்கவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மனம் அந்தப் பக்கமே போகவில்லை போலிருக்கிறது.

“சாவி கீழ இருக்கு,” என்றேன்.

பையன் என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான். “கட்டர் நம்மகிட்ட இல்ல ஆன்டி. எதிர்வீட்ல பச்சப் புள்ள இருக்கு. அவங்கள விட்டுட்டு வரேன்லா, அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணிப் பாருங்க.” படகு போய்விட்டது. திரும்பி வருமா என்று கேட்க நான் நிற்கவில்லை.

நான் படியிறங்கினேன். அவர் “வேணாம், வேணாம்மா” என்று கத்தியது கேட்டது. நான் ஐந்தடி இல்லை. கடைசிப் படியும் இறங்கித் தரையில் நின்றபோது தண்ணீர் கழுத்துக்கு வந்தது. டீசல் வாடை, சாக்கடை வாடை. சோபா குறுக்கே மிதந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் போனேன். ஆண்டவர் பாதம் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையை உள்ளே விட்டுத் துழாவினேன். வளையம் ஆணியிலேயே இருந்தது. அங்கேயே நின்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலே வந்து சாவியைப் போட்டால் பாதிகூடத் திரும்பவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த பூட்டு. “இழுக்காத, சாவி ஒடிஞ்சிரும்,” என்றார் அவர். “எண்ணெய் கொண்டா.” என் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தல் அலமாரியில் இருந்தது. தலையணையில் சாய்ந்தபடியே சொல்லிக் கொடுத்தார். ஊற்று, பொறு, மெல்ல ஆட்டு, மறுபடி ஊற்று. போர்க்லிப்ட் பழுது பார்த்த குரல். நான் ஊற்றி, ஆட்டி, அழுது, திட்டி, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. திடீரென்று பூட்டு வாயைத் திறந்தது.

படகு திரும்பி வந்தது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும்.

“நீ முதல்ல போ,” என்றார். நான் அந்த ஒன்றரை அடித் துண்டு வழியாக நுழைந்து கூரைக்குப் போனேன். எனக்குச் சிரமமே இல்லை. அடுத்து அவர் வந்தார். தலை வந்தது, தோள் சாய்ந்து வந்தது, வீங்கிய வயிறு வரவில்லை. உள்ளேயும் போகமுடியவில்லை, வெளியேயும் வரமுடியவில்லை. அந்த இடது கையை இரும்பில் இடித்துக்கொள்ளக்கூடாதே என்று நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் நீலம் பாரித்தது. பையனைப் பார்த்து, “தம்பி, இவங்களக் கூட்டிட்டுப் போப்பா. நான் அப்புறம் பாத்துக்கறேன்,” என்றார்.

சின்னதாக வைங்க என்று கேட்டது நான். திருடனுக்குப் பயந்து கேட்டேன். 

எண்ணெய்ப் போத்தல் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. மிச்சம் இருந்ததை எல்லாம் அவர் வயிற்றிலும் இடுப்பிலும் ஊற்றித் தேய்த்தேன். பையன்கள் இரண்டு பேரும் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார்கள். தோல் உரிந்தது, இரத்தம் வந்தது, ஆள் வந்துவிட்டார். கூரையில் மல்லாந்து கிடந்தபடி, மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “சாமியார் இல்லாமயே அவஸ்தைப் பூசுதல் முடிஞ்சிருச்சு.”

சாகக் கிடக்கிறவர்களுக்கு எங்கள் கோயிலில் எண்ணெய் பூசி மந்திரிப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். நான் சிரிக்கவில்லை. அந்தத் தமிழ்ப் பையனும் கத்தோலிக்கன்தான் போல, அவன் சிரித்தான்.

பெரிய மருத்துவமனையில் அன்று சாயந்திரமே கழுவினார்கள். இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள், ஆனால் பிழைத்துக்கொண்டார்.

வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் போகவேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெள்ளம் வந்த தாமானில் யார் வாங்குவார்கள்? ஸ்ரீ கெம்பாங்கானில் மேட்டில் இருக்கிற என் தங்கை வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ள டயாலிசிஸ் நிலையத்தில் நாற்காலி காலியில்லை. நாற்காலி எப்போது காலியாகும் என்று நர்சிடம் கேட்டுவிட்டு, என்ன கேட்டோம் என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். அதில் உட்கார்ந்திருக்கிறவர் செத்தால்தான் காலியாகும். அதற்கு நான் ஜெபம் செய்யமுடியுமா? ஆகவே வீட்டைக் கழுவிவிட்டு அதே பள்ளத்துக்குத் திரும்பி வந்தோம். மாடிப்படித் திருப்பத்தில் இருந்த என் கண்ணாடிக் கிண்ணப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் இரண்டு படி கீழேயே நின்றுவிட்டது.

நாங்கள் இல்லாத நாட்களில் காலி வீடுகளில் திருடர்கள் புகுந்திருந்தார்கள். அதனால் தாமானில் எல்லாரும் முன்னிலும் தடியான கிரில்லாகப் போட்டார்கள். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், என்னைக் கேட்காமலே அவரும் பழைய கிரில் அண்ணனை வரச்சொல்லி மாடிக்குப் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். மாட்ட வந்த சனிக்கிழமை காலையில் நான் வீட்டில் இருந்தேன். திறக்கிற துண்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒன்றே முக்கால் அடி இருக்கும்.

“அண்ணே, இது அவருக்குப் பத்தாதே. போன தடவ மாட்டிக்கிட்டாரு தெரியுமா?”

கிரில் அண்ணன் அளவு எழுதிய காகிதத்தை எடுத்துக் காட்டினார். “உங்க வீட்டுக்காரரு சொன்ன அளவுதான் அக்கா. நானும் கேட்டேன். ‘எங்க வீட்டம்மா தாராளமா போற அளவு இருந்தா போதும், எனக்கு வேணாம்’னு சொன்னாரு.”

வீட்டுக்காரர் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் டிவியை அணைத்துவிட்டு முன்னால் நின்றேன்.

“என்ன அளவு அது?”

ரிமோட்டைச் சோபாவில் வைத்தார். பிறகு, “அடுத்த தடவ தண்ணி வந்தா எனக்காக நீ நின்னுக்கிட்டு இருக்கக் கூடாதும்மா. நான் எப்படியும் மெஷின்ல கட்டிப்போட்ட ஆளு. நீ ஏன்?” என்றார்.

“பத்து வருஷத்துல பெல்ட் மெஷின் வரும்னீங்க?”

“வரும். எனக்கு வராது.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. பழுது பார்க்க முடியாத வண்டியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷமும் நான் பயப்பட்டேன் என்றால், பயப்படாத ஒரு ஆள் பக்கத்தில் இருந்த தைரியத்தில்தான் பயப்பட்டேன். அந்த ஆளே கைவிட்டால் நான் என்ன செய்வது? அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்து, தண்ணீரை அளந்து வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

மூன்றாம் நாள் கிரில் அண்ணனைப் போன் செய்து வரவழைத்து, ஜன்னலையே எடுத்துவிடச் சொன்னேன். சுவரை எவ்வளவு இடிக்கவேண்டும் என்று கைகளை விரித்துக் காட்டினேன்.

“அக்கா, இவ்வளவு பெருசா வெச்சா அதுக்குப் பேரு கிரில் இல்ல, கதவு.”

“கதவுதான் கேக்கறேன்.”

“மாடியிலயா? வெளிய பாத்த மாதிரியா?”

“ஆமா.”

இப்போது எங்கள் வரிசையில் மாடிச் சுவரில் வாசல் இருக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அது கார்க்கூரையில் போய் முடிகிறது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி, திருடனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறியா என்று கேட்டார். அழைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பூட்டு உண்டு. சாவி என் கழுத்தில், தாலிச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சனிக்கிழமைதோறும் அவரை நிலையத்தில் விட்டு வந்ததும் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு முறை திறந்து மூடுவேன்.

கதவு வந்த அன்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். முதலில் வாசலில் நின்று கையால் இருபக்கமும் அளந்து பார்த்தார். மெக்கானிக் புத்தி போகாது. “ஒரு ஆள் போற அளவு போதுமேம்மா. எதுக்கு இவ்வளவு?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“தனியா போறதுக்கு எனக்கு வழி வேணாங்க,” என்றேன்.

அவர் கதவு நிலையில் இருந்து கையை எடுத்தார். கூரையில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வானம் சாம்பலாக இருந்தது, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் பாதிதான் தெரிந்தன. நான் அவருடைய அரை டம்ளர் டீயைக் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, “இலாகா என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“நாலு மணிக்கு மழை,” என்றேன்.

“அப்ப நாலு மணி வரைக்கும் இங்கயே உக்காந்திருப்போம்,” என்றார். நான் உள்ளே போய் இன்னொரு நாற்காலி எடுத்து வந்தேன்.